புகைக்கத் தடை, விற்க அனுமதி: இது என்ன நியாயம்?

(தண்ணீர்மலையில் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தோட்டம் தோட்டமாகப் போகும்போது பலரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சாப்பாட்டுக் கடையில் சிகரெட் பற்ற வைத்தால் அபராதம். அதே கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சிகரெட் விற்பனை நடக்கிறது. கெடுதல் என்றால் விற்பனையை நிறுத்த வேண்டியதுதானே? விற்கலாம் என்றால் பிடிப்பவனை ஏன் விரட்ட வேண்டும்?" என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது, இடத்துக்குத் தடை எதற்காக? புகைப்பவனைத் திருத்துவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது முதல் நோக்கமல்ல. பக்கத்தில் இருப்பவனைக் காப்பதே முதல் நோக்கம். 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவ அறிஞர் ஹிராயாமா ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். தாம் புகைக்காவிட்டாலும், புகைக்கும் கணவனோடு வாழ்ந்த மனைவிமாருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று அதில் காட்டினார். பிறகு பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளும் அதையே உறுதிப்படுத்தின. "என் உடம்பு, என் காசு" என்ற வாதம் அன்றோடு பலவீனப்பட்டது. புகை ஒருவன் உடம்போடு நிற்பதில்லை அல்லவா?

நம் நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவுக் கடைகளிலும் புகைக்கத் தடை வந்தது. சாப்பிட வருகிறவன் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவான். தேநீர் ஆற்றுகிறவனும், மேசை துடைக்கிறவனும், பாத்திரம் கழுவும் பெண்ணும் பத்து மணி நேரம் அந்தப் புகையிலேயே நின்றார்கள். அவர்கள் யார்? நம்மைப் போன்ற தொழிலாளர்கள். ஆகவே இந்தத் தடையைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் என்றே நான் சொல்லுவேன். இதை எதிர்ப்பது நமக்கு அழகல்ல.

இரண்டாவது கேள்வி, விற்பனையை ஏன் நிறுத்தவில்லை? இதற்கு அரசாங்கங்கள் சொல்லும் காரணங்களும் உண்டு. சொல்லாமல் விடும் காரணங்களும் உண்டு.

சொல்லும் காரணத்தை முதலில் கேட்போம். நிக்கோட்டின் பழகிய உடம்பு அதை எளிதில் விடாது. கடையை மூடினால் ஆசை மூடிக்கொள்ளாது. பூட்டான் நாடு 2004ஆம் ஆண்டில் புகையிலை விற்பனையையே தடை செய்தது. என்ன நடந்தது? எல்லை தாண்டிக் கடத்தல் வந்தது. 2010இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். சிறிதளவு புகையிலை வைத்திருந்தவர்கள்கூடச் சிறைக்குப் போனார்கள். கடைசியில் 2021ஆம் ஆண்டில், கொரோனாக் காலத்தில், கடத்தல்காரர்கள் மூலம் நோய் வருகிறது என்று தடையை எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்கா 2020இல் சில மாதங்கள் விற்பனையை நிறுத்திப் பார்த்தது. அங்கேயும் கள்ளச் சந்தைதான் கொழுத்தது.

நம் நாட்டுக் கதையும் இதுதான். 2015 நவம்பரில் ஒரு சிகரெட்டுக்கு 40 காசு என்று வரி உயர்ந்தது. வரி கட்டாத கடத்தல் சிகரெட்டு தோட்டத்துக் கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆகவே ஒரே நாளில் ஒழிப்பது கடினம் என்று அரசாங்கம் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இனி, சொல்லாமல் விடும் காரணம். அது பணம்.

இந்தப் பினாங்குத் தீவுக்கே இந்தக் கதை புதிதல்ல. பிரிட்டிஷார் இங்கே குடியேறிய ஆரம்ப நாட்களிலேயே அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். 1910ஆம் ஆண்டில் குத்தகைக்காரர்களை நீக்கிவிட்டு, அரசாங்கமே சந்து விற்கும் ஏகபோகத்தை எடுத்துக்கொண்டது. நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்த ஆண்டுகளும் உண்டு. சீனத் தொழிலாளி சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்துச் சம்பாதித்த கூலி, புகையாகப் போய்க் கஜானாவில் சேர்ந்தது.

நமக்கு அபின் இல்லை, கள் இருந்தது. தோட்டத்திலேயே கள்ளுக்கடை, சம்பள நாளில் அங்கேதான் கூட்டம். 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி அவர்கள் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். அரசாங்கம் போலீசை அனுப்பியது. அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் உயிர்ப்பலியும் நேர்ந்தது. குடிக்காதே என்று சொன்னவன் குற்றவாளி ஆனான். இதை நாம் மறக்கக் கூடாது.

தாய்த் தமிழகத்தைப் பாருங்கள். 1937ஆம் ஆண்டில் ராஜாஜி அவர்கள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மது வருமானம் போனால் அரசாங்கம் எப்படி நடக்கும் என்று கேட்டார்கள். 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று அந்த மாநிலத்தில் விற்பனை வரியும் இருக்கிறது. அரசாங்கமே நடத்தும் மதுக்கடையும் இருக்கிறது. இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடையை அமலாக்கினார்கள். அப்போது சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். ஆனால் அதே நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில், அரசாங்கக் காப்பீட்டு நிறுவனமான எல்.ஐ.சி. பெரும் பங்குதாரர். ஒரு கை தடுக்கிறது, மறு கை லாபப் பங்கு வாங்குகிறது.

நம் நாட்டிலும் 2023 மார்ச் 31இல் ஒரு காரியம் நடந்தது. மின்சிகரெட்டுத் திரவத்தில் உள்ள நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எதற்காக? வரி விதிப்பதற்காக. மறுநாள் முதல் மில்லி லிட்டருக்கு 40 காசு வரி. மருந்தகத்தில் பூட்டி வைத்த நஞ்சு, வரி கட்டியதும் கடைச் சரக்காகிவிட்டது. பிறகு 2024 அக்டோபர் 1 முதல் புதிய சட்டம் வந்து 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்றது. அந்தப் புதிய சட்டம் வரும்வரை நம் பிள்ளைகளுக்கு யார் காவல்?

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அபின் எப்படி ஒழிந்தது என்று பாருங்கள். 1930களில், பெயர் பதிந்த பழைய புகைப்பாளிகளுக்கு மட்டுமே விற்பது என்று கட்டுப்படுத்தினார்கள். புதிதாகச் சேருவதற்கு வாசலை அடைத்தார்கள். 1943இல் லண்டனில் முழுத் தடை அறிவிக்கப்பட்டது. யுத்தம் முடிந்து திரும்பியபோது சட்டபூர்வமான கடைகள் மீண்டும் திறக்கப்படவில்லை. அபின் வருமானம் இல்லாமலும் அரசாங்கம் நடக்கத்தான் செய்தது.

2022ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் கொண்டுவந்த மசோதாவும் இதே வழிதான். 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு எக்காலத்திலும் விற்பதில்லை. பழகிவிட்ட பெரியவர்களைத் தண்டிப்பதில்லை. 2023 நவம்பரில் அந்தப் பகுதியை நீக்கிவிட்டே சட்டத்தை நிறைவேற்றினார்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 8ஆவது பிரிவுக்கு முரண் என்று சட்டத்துறைத் தலைவர் கருத்துச் சொன்னாராம். சிறுவனுக்கும் பெரியவனுக்கும் சமமாக நோய் வர வேண்டும் என்பதா சமத்துவம்? நியூசிலாந்து இத்தகைய சட்டத்தை 2022இல் நிறைவேற்றி, 2024இல் ரத்து செய்தது. மாலத் தீவு 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திவிட்டது. மாலத் தீவால் முடிந்தது நம்மால் முடியாதா?

தோழர்களே, நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025இல் ஆனது. பேர்பெற்ற சிகரெட்டுப் பெட்டி 17 வெள்ளிக்கு மேல். நாளுக்கு ஒரு பெட்டி என்றால் மாதம் 510 வெள்ளி. நூற்றுக்கு முப்பது! விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், மழைக்கும் கொசுவுக்கும் நடுவில் பால் வெட்டி வாங்கும் சம்பளத்தில் ஒன்பது நாள் உழைப்பு புகைக்கே போகிறது. நாம் சம்பள உயர்வு கேட்டு வாதாடுகிறோம். வாங்கிய உயர்வைக் கம்பெனியிடமும் கடத்தல்காரனிடமும் கொடுத்துவிட்டால் போராடியதன் பயன் என்ன?

புகைக்கும் தோழரை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. பதினைந்து வயதில் யாரோ நீட்டியதை வாங்கியவர் அவர். விட நினைத்து முடியாமல் தவிப்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விட உதவுகிறார்கள், போய்க் கேளுங்கள். அதற்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதே என்று நிர்வாகத்திடம் கேட்பது சங்கத்தின் வேலை.

இன்னும் மூன்று காரியங்களை நாமே செய்யலாம். ஆயாக் கொட்டகையிலும், பெரட்டுக் களத்திலும், பால் கொட்டகையிலும் புகைப்பதில்லை என்று கமிட்டியில் தீர்மானம் போடலாம். சிறுவர்களுக்குச் சிகரெட்டு விற்கும் தோட்டத்துக் கடைக்காரரை நேரில் கண்டு தடுக்கலாம். கைவிடப்பட்ட அந்தத் தலைமுறைத் தடையை மீண்டும் கொண்டுவா என்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதலாம். கிராணிமார்கள் எழுதிக் கொடுங்கள், மற்றவர்கள் கையெழுத்திடுங்கள்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் அந்த மனு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.