பிள்ளைகளின் பயமும் கவனக்குறைவும்



பாடத்தில் மனம் நில்லாத பிள்ளையை மந்தமென்றும், பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி என்று அழும் பிள்ளையைப் பாசாங்குக்காரன் என்றும் சொல்லி, முன்னவனுக்குப் பிரம்பும் பின்னவனுக்குத் தாயத்தும் கொடுத்துவிட்டு, நம் கடமை தீர்ந்ததென்று இருக்கிறோம். காரணத்தை ஆராய்ந்தோமா?

சில பிள்ளைகளுக்கு இயற்கையிலேயே கவனம் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. சில பிள்ளைகளுக்கோ, "அடிப்பார்களோ, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்ற கவலை மனத்தை அடைத்துக்கொண்டு பாடத்துக்கு இடம் விடுவதில்லை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பலருக்கு இரண்டும் சேர்ந்தேயிருக்கும். மறதியால் திட்டு, திட்டினால் பயம், பயத்தால் மேலும் மறதி! இப்படி அகப்பட்ட பிள்ளையை அடிப்பது, காலொடிந்தவனை ஓடச் சொல்லி அடிப்பதல்லாமல் வேறென்ன?

பயத்துக்குப் பரிகாரம் உண்டு. முயலைக் கண்டு நடுங்கிய ஒரு சிறுவன் பிடித்த பண்டத்தைத் தின்னும்போது, முயலைத் தூரத்தில் வைத்து, சிறிது சிறிதாகக் கிட்டே கொண்டுவந்து அவன் பயத்தைப் போக்கிய விதத்தை, அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் 1924-லேயே எழுதி வெளியிட்டார்.

"தாயத்துக் கட்டியும் தேறியதே" என்பார்கள். கேளுங்கள்! 2008-ல் அதே நாட்டில், கவலை நோயுள்ள 488 பிள்ளைகளிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. மருந்தில்லாத வெறும் மாத்திரை தின்றவர்களிலேயே நூற்றுக்கு 24 பேர் நன்கு தேறினார்கள். தாயத்தின் பெருமையும் இவ்வளவுதான். மருந்தால் 55 பேரும், மனப்பயிற்சியால் 60 பேரும், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 பேரும் தேறினார்கள்.

கவனக்குறைவுள்ள 579 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய மற்றொரு சோதனையின் முடிவு 1999-ல் வந்தது. அவர்களில் கவலையும் உடையவர்களுக்கு, பெற்றோரையும் உபாத்தியாயரையும் சேர்த்துக்கொண்டு நடத்திய பயிற்சி மருந்துக்குக் குறையாத பலனளித்தது. ஆகவே சிகிச்சையில் பாதி நம் கையிலேயே இருக்கிறது.

முதலில் தகுந்த வைத்தியரிடம் காட்டி, இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். மருந்து வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றாகக் கொடுங்கள். பயந்த பிள்ளையை இன்று பள்ளி வாசல்வரை, நாளை ஒருமணி நேரம் என்று படிப்படியாகப் பழக்குங்கள். செய்து முடித்ததை உடனே மெச்சுங்கள்.

இன்றிரவே பிரம்பை எடுத்து எறிந்துவிட்டு, "உனக்கு எதைக் கண்டு பயம்?" என்று பிள்ளையைக் கேளுங்கள் என்று வேண்டிக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.