கிட்னி போன விவசாயிக்கு உதவித்தொகை எங்கே?

(தாலுகா அலுவலகம் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



தண்ணிக்கும் கரண்டுக்கும் நெல் விலைக்கும் இதே வாசலில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறோம். இன்றைக்கு நம் உடம்புக்காக நிற்கிறோம். இரண்டு கிட்னியும் செயலிழந்து, டயாலிசிஸில் உயிரை ஓட்டிக்கொண்டிருக்கிற விவசாயி மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டால் மனுவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள்.

நல்லாத்தான் இருக்கா? டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுவது. அதற்காகக் கையில் ரெண்டு ரத்தக்குழாயை ஆபரேஷன் செய்து இணைத்திருப்பார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. ஊசி போடக் கூடாது, பிரஷர் கூடப் பார்க்கக் கூடாது. அப்புறம் மண்வெட்டியை எந்தக் கையால் பிடிப்பது? மூட்டையை யார் ஏற்றுவது? சிறுநீர் சரியாகப் பிரியாததால் தண்ணியையும் அளந்துதான் குடிக்கணும். சித்திரை வெயிலில் வரப்பில் நிற்கிறவர் ஒரு சொம்புத் தண்ணியை ஆசை தீரக் குடிக்க முடியாது. இளநீர் குடிக்கலாமே என்பார்கள். அதில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் அளவு மீறினால் இதயமே நின்றுவிடும். மெஷினை விட்டு இறங்கினால் அன்றைக்குப் பூராவும் படுக்கைதான். கூடப் போகிற சம்சாரத்துக்கும் அன்றைய கூலி போச்சு.

காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இருக்கிறது. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில், வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்கிற டயாலிசிஸ் பைகளும் தருகிறார்கள். நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஆனால் பஸ் செலவுக்கு யாரிடம் போவது? உலையில் போட அரிசி எங்கிருந்து வரும்?

சட்டத்தைப் பார்ப்போம். 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் என்று மூன்று ரத்த நோய்களைச் சேர்த்தார்கள், பார்க்கின்சன் நோயைச் சேர்த்தார்கள். அது நியாயம். நாள்பட்ட சிறுநீரக நோய் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு டாக்டர் எப்படி சதவீதம் போடுவார்? 40 சதவீதம் என்று சான்று இல்லாவிட்டால் ஃபைல் நகராது. ஆகவே டாக்டரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அதே சட்டத்தின் அட்டவணைக் கடைசியில், வேறு வகைகளையும் மத்திய அரசு அறிவிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. புதுச் சட்டம் வேண்டாம், ஒரு அறிவிக்கை போதும். அதைத்தான் போடச் சொல்கிறோம்.

டெல்லி போடுகிற வரைக்கும் மாநில அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில், தென்னையும் முந்திரியும் வைத்துப் பிழைக்கிற சனங்களை, காரணம் பிடிபடாத கிட்னி நோய் வருஷக்கணக்காக வாட்டுகிறது. அந்த மாநிலத்தில் டயாலிசிஸ் நோயாளிக்கு மாதம் 10,000 ரூபாய் பென்ஷன் என்று 2019-ல் உத்தரவு போட்டார்கள். டயாலிசிஸுக்குப் போகாதவருக்கும், கிரியேட்டினின் 5-க்கு மேல் இருந்தால் தனியாகப் பென்ஷன் வைத்தார்கள். மத்தியப் பட்டியலுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2011-ல் வந்த உழவர் பாதுகாப்புத் திட்டம். கிட்னி, கேன்சர், டி.பி. போன்ற நோயால் வேலை செய்ய முடியாத உறுப்பினருக்குத் தற்காலிக இயலாமை உதவி, மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். போன கிட்னி திரும்பி வருமா, பேரைத் "தற்காலிகம்" என்று வைக்க! இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். நஞ்சை இரண்டரை ஏக்கர், புஞ்சை ஐந்து ஏக்கர் வரை வைத்துச் சொந்தமாகப் பாடுபடுகிறவரும், விவசாயக் கூலிகளும் உறுப்பினராகலாம். நோய் வந்த பிறகு அட்டைக்கு ஓடாமல் இப்போதே வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள். அந்தத் தொகையை ஆந்திரா அளவுக்கு உயர்த்து என்பது நம் இரண்டாவது கோரிக்கை.

இன்னொரு விஷயம். மேல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தினமும் மாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. வலி மாத்திரை கிட்னியைத் தின்னும். சுகர், பிரஷர் உள்ளவர்கள் வருஷம் ஒரு தடவையாவது கிரியேட்டினினும் யூரினும் பார்த்துவிடுங்கள்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் எல்லோரும் மனுக் கொடுக்கிறோம். டயாலிசிஸ் சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், சிட்டா, உழவர் அட்டை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இரண்டு செட் எடுத்து வாருங்கள். அன்றைக்கு டயாலிசிஸ் முறை உள்ளவர்கள் மெஷினை விட்டுவிட்டு வர வேண்டாம், வீட்டிலிருந்து ஒருத்தரை அனுப்புங்கள். சங்கத்து வேன் காலை எட்டு மணிக்குப் புறப்படும். ரசீது வாங்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.