மழையை அளக்க நம் மகளிரும் வேண்டும்

(தென்காசியில் நடைபெற்ற வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



குற்றாலச் சாரலின் இன்பத்தை நாம் அறிவோம். அம்மலையின் சீற்றத்தையும் அறிவோம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, ஒரு மாணவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்போர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனை அளந்து, கணித்து, உரிய வேளையில் அறிவிப்பதே பேரிடர் அறிவியலின் பணி. அப்பணியில் நம் பெண்மக்களுக்கு இடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை, கடலூர் மாவட்டங்களில் மாண்டோருள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் அவர்கள், பிள்ளைகளைச் சுமந்து ஓடியவர்கள், நீச்சல் கற்பிக்கப்படாதவர்கள். பின்னர் நிவாரணத்திலும் நம் மக்கள் ஒதுக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. இடர் பொதுவாயினும் இழப்பு பொதுவன்று. அதனை உணர்ந்தவர்கள் திட்டம் தீட்டும் இடத்தில் இருந்தாலன்றி, எச்சரிக்கை கடைசி வீட்டை எட்டாது.

பெண்ணால் இயலுமா என்போர்க்கு இம்மலைத்தொடரே விடை கூறும். 1918-இல் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்து ஆய்வேடு அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லையெனச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது. அவர் தளரவில்லை. இங்கிலாந்தில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கருவிகளை இங்கேயே செய்வதற்காக, ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்றார்.

அவர் வசதியுள்ள குடும்பத்தவர். அவருக்கே ஒரு கதவு சாத்தப்பட்டதெனில், வயலில் நாற்று நடும் தாயின் மகளுக்கு எத்தனை கதவுகள் சாத்தப்படும்! அவற்றைத் திறப்பதே இச்சங்கத்தின் அடுத்த கடமை.

பெற்றோர்களே, இயற்பியலும் கணிதமும் பயிலும் மகளின் படிப்பைத் திருமணத்திற்காக நிறுத்தாதீர்கள். சங்கத்தாரே, அவளுக்கு விடுதியும் உதவித்தொகையும் தாருங்கள். ஆசிரியர்களே, பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி வையுங்கள். நாள்தோறும் மாணவியர் அதன் அளவைக் குறித்து வரட்டும். நாளை சிற்றாற்றின் வெள்ளத்தை முன்னறிந்து உரைப்பவள் அவர்களுள் ஒருத்தியாக இருக்கட்டும்.