பரதேசியின் தரை

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர், வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தயங்குவர். என்றேனும் காலி செய்யப்போகும் வீட்டிற்கு அலங்காரம் எதற்கு என்ற எண்ணமே காரணம். மொழிபெயர்ப்புப் பணி ஏற்றுக் கொச்சிக்கு வந்த எங்களுக்கும் அத்தயக்கம் இருந்தது. அதனைப் போக்கியது மட்டாஞ்சேரியில் நாங்கள் கண்ட ஒரு தரை.

அங்கே அரண்மனையை அடுத்து, கொச்சி மன்னர் அளித்த நிலத்தில், யூதர்கள் 1568-இல் எழுப்பிய ஜெபாலயம் உள்ளது. அதன் பெயர் பரதேசி ஜெபாலயம். 'பரதேசி' என்ற சொல்லை நாம் வசையாக்கிவிட்டோம். அங்கோ, அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்ற பழம்பொருளுடன் அது வழிபாட்டிடத்தின் பெயராகவே நிலைத்திருக்கிறது.

1662-இல் போர்த்துக்கீசியர் அந்த ஆலயத்தைப் பாழாக்கினர். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னர் அது மீண்டும் எழுந்தது. ஒருமுறை இழந்தவர்கள், மறுமுறை எளிய தரையோடு நின்றிருக்கலாம். ஆயினும் டச்சுக் கம்பெனியோடு பெருவாணிபம் நடத்திய எசக்கியேல் ரஹபி, 1762-இல் சீனத்திலிருந்து கப்பல் வழியே ஓடுகளை வருவித்துத் தரையில் பதித்தார். வெண்ணிற ஓட்டில் நீலச் சித்திரம். அலரி போன்ற மரமும் நீர்நிலையும் கையால் தீட்டப்பட்டவை. ஆதலால் ஓர் ஓடு மற்றொன்றைப் போல் இராது என்பர்.

அந்த ஓடுகள் முதலில் அரண்மனைக்காக வந்தவை என்றும், அவற்றின் செய்ம்முறையில் பசுவின் இரத்தம் சேர்ந்தது என்று கேட்டு மன்னர் மறுத்துவிட்டார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கதைக்குச் சான்றில்லை. ரஹபி எழுப்பிய மணிக்கூண்டு வேறொன்றைச் சொல்லுகிறது: அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள எண்கள், ஆலயத்தை நோக்கிய முகத்தில் எபிரேய எழுத்துக்கள். அண்டை வீட்டாருக்கு அவர்தம் மொழியிலேயே நேரம் சொன்ன பண்பு அது. மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கு இதனினும் சிறந்த பாடம் ஏது?

1948-இல் இஸ்ரேல் பிறந்த பின், அம்மக்களுள் பெரும்பாலோர் அங்குச் சென்று குடியேறினர். தரை மட்டும் தங்கிவிட்டது. இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே செல்கின்றோம். ஓடுகளின் குளிர்ச்சி பாதத்தில் படுகிறது.

தங்கும் காலம் நீளுமா குறுகுமா என்று கணக்கிட்டபின் அழகு செய்தவர்கள் அல்லர் அவர்கள். அன்று மாலையே வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று, நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த தஞ்சாவூர்ப் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். மறுநாள் காலையில் வாசலில் கோலமும் விழுந்தது.