ஒரே கடற்கரை, இரண்டு காயங்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கே கடல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கரையோரக் குப்பங்களையும் தாக்கியது. அதே கரையில், கீழ்ப்புத்துப்பட்டில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களின் முகாம் இருக்கிறது. இரண்டும் பெருந்துயரம்தான். ஆனால் மனதில் பதியும் காயம் ஒன்றல்ல.

சுனாமி திடீரென்று வந்து அடித்தது. தப்பியவர்களில் சிலருக்கு அலைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். தூக்கத்தில் அந்தக் காலை திரும்ப வரும். கடல் பக்கம் போகவே கால் வராது.

வருஷக்கணக்கில் ஷெல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே வாழ்ந்தவர்களில் சிலருக்கு இவற்றோடு வேறு சிலவும் சேரும். அடங்காத கோபம், அல்லது மரத்துப்போன மனம். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். யாரிடமும் ஒட்ட முடியாமை. இதை, 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் தனி நோயாகவே சேர்த்தது.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இன்னும் ஒன்று சொன்னார்: போரில் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. காணாமல் போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்க்கு மாத்திரை மட்டும் எப்படிப் போதும்? பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.