இசைப் பட்டமும் கலைப் பட்டமும் ஒருங்கே பயிலுதல்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



கல்லூரியில் இசைப் பட்டமும், அதனோடு வரலாறோ வணிகவியலோ ஆகிய வேறொரு பட்டமும் ஒரே காலத்தில் பயில இயலுமா என்பதே எனக்கு அளிக்கப்பட்ட பொருள். இரு முழுநேரப் பட்டங்களை ஒருங்கே பயில 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் பல்கலைக்கழக மானியக் குழு வழி திறந்தது. இரண்டையும் நேரில் பயில்வதாயின் வகுப்பு வேளைகள் ஒன்றோடொன்று மோதலாகாது. அன்றி, ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் பயிலலாம். எனினும் அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளுமாதலால், சேருமுன் இரண்டு அலுவலகங்களிலும் கேட்டு அறிதல் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு உகந்தது இரண்டாவது வழியே என்பது என் எண்ணம். பகலில் இசைக் கல்லூரி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில் கலைப் பட்டம். இரு கல்லூரிகளுக்கிடையே பேருந்தில் அலைந்து இரண்டிலும் வருகைப் பதிவைக் காக்க முயல்வோர் இரண்டிலும் நிலுவைத் தாள்களோடு நிற்க நேரும். பட்டியல் இனத்தாருக்கான மேற்படிப்பு உதவித்தொகை பெறுவோர் அதனோடு வேறோர் உதவித்தொகையும் பெற விதி இடந்தருவதில்லை. ஆகவே இரண்டாம் படிப்பின் கட்டணத்தைத் தொடக்கத்திலேயே குடும்பக் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

இவ்விடத்தில் பெற்றோரின் தயக்கத்தைப் பற்றிப் பேசாமல் மேற்செல்ல இயலாது. “பறையையும் மேளத்தையும் விட்டொழிக்கத்தானே பிள்ளையைப் படிக்க வைத்தோம், மறுபடியும் அதற்கா ஒரு பட்டம்?” என்று கேட்கின்றனர். இது அறியாமையால் எழும் கேள்வியன்று. சாவு வீட்டில் கட்டாயத்தின் பேரில் பறையடித்த தலைமுறைகளும், இனி அடிக்கமாட்டோம் என மறுத்து அதற்காக அடிபட்டவர்களும் நம் வரலாற்றில் உள்ளனர். ஆனால் ஏவலுக்கு அடிப்பது வேறு. கற்றுத் தேர்ந்து மேடையேறி இசைப்பது வேறு. 2025-ஆம் ஆண்டு பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம். கையில் மற்றொரு பட்டமும் அதனால் வரும் பிழைப்பும் இருக்குமாயின், எங்கு வாசிப்பது, எங்கு மறுப்பது என்பதைக் கலைஞரே தீர்மானிப்பார். இரண்டு பட்டம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதன் பொருட்டே. அரசுப் பள்ளிகளில் இசையாசிரியர் பணியிடம் எத்துணை அரிது என்பதைத் தலைமையாசிரியனாக நான் அறிவேன்.

இனிச் சுமைக்கு வருவோம். ஏட்டுப் படிப்பைச் சற்றுச் சேர்த்து வைத்துப் படித்துவிடலாம். நல்ல பழக்கமன்று, ஆயினும் தேர்ச்சி கிட்டும். இசை அதற்கு இணங்காது. ஞாயிறன்று ஏழு மணி நேரம் சாதகம் செய்தவர், நாள்தோறும் ஒரு மணி நேரம் செய்தவருக்கு ஈடாகமாட்டார். அளவுக்கு மீறி ஒரே நாளில் பாடினால் தொண்டை கட்டும். தவில் பயில்வோருக்கு விரலும் மணிக்கட்டும் வீங்கும். ஆகவே மிஞ்சிய நேரத்தை இசைக்குத் தராமல், விடியற்காலையை முதலில் அதற்கு ஒதுக்குக. வரிசைகளும் அலங்காரங்களும் மூன்று காலத்திலும், பின் ஒரு வர்ணம், அதன் பின்னர் ஏடு. நாதசுரம் பயில்வோர் வயிறு நிறைய உண்டபின் ஊதுதல் கூடாது, மூச்சு நில்லாது. ஏழு தாளமும் ஐந்து சாதியும் கூடி 35 தாளமாவதும் 72 மேளகர்த்தாக்களும் மனப்பாடப் பகுதிகள். பேருந்துப் பயணம் இவற்றுக்குப் போதும். மிருதங்கச் சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் தாளம் போட்டுப் பழகலாம், கருவியே தேவையில்லை. பறையின் அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் மடித்த சாக்கு ஒன்று போதும், அக்கம்பக்கத்தார் உறங்கலாம்.

தொலைநிலைப் படிப்பின் ஒப்படைப்பு நாள், நேர்முக வகுப்பு நாள், தேர்வு நாள் ஆகியவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். (நாட்காட்டி சாமி படத்துக்காக மட்டும் மாட்டப்படுவதன்று.) பங்குனி, சித்திரை, வைகாசியில் திருவிழாவும் திருமணமும் மிகுதி, ஏப்ரல், மே மாதத் தேர்வுகளும் அப்போதே வரும். வாசித்து ஈட்டும் பணம் வீட்டுக்குத் தேவைதான். ஆயினும் தேர்வுக்கு முந்திய இரு வாரங்களில் இரவுக் கச்சேரி வேண்டா. “நம் ஊர்த் திருவிழாதானே, ஒரு நாள் வந்து வாசி” என்று பெரியோர்களும் அழைக்காதிருப்பீர்களாக.

பெண் பிள்ளைகள் படும் பாட்டைத் தனியே சொல்ல வேண்டும். இரண்டு பட்டம் பயிலும் பெண்ணுக்கு அடுப்பங்கரை மூன்றாவது பட்டமாக வாய்க்கிறது. விடியற்காலைச் சாதகத்தைச் சொன்னேன். அந்நேரத்தில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன், தம்பிமார் அக்குடத்தை வாங்கிக்கொள்ளாமல் இத்திட்டம் எதுவும் அவளுக்குப் பயன்படாது.

இறுதியாக இடம். ஓரறை வீட்டில், கைக்குழந்தையும் நோயுற்ற பாட்டியும் உறங்க, எங்கே அமர்ந்து பாடுவது? நம் சங்கக் கட்டடத்தின் மாடி அறை கூட்ட நாள் நீங்கலாகப் பூட்டியே கிடக்கிறது. காலை 5 மணி முதல் 7 மணி வரை சாதகத்துக்கும், மாலை 6 மணி முதல் 9 மணி வரை படிப்புக்கும் அதனைத் திறந்துவிட வேண்டுகிறேன். விளக்கும் பாயும் ஒரு பெட்டியும் இருந்தால் போதும்; மின்கட்டணத்தில் முதல் ஆண்டுப் பங்கை நான் ஏற்கிறேன். சாவி யாரிடம் இருப்பது என்பதை மட்டும் செயலாளர் அவர்கள் இன்றைய பொதுக்குழுவிலேயே முடிவு செய்து அறிவிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.