பழந்துவக்கும் அனுமதிப்பத்திரமும்



ஆண்டுதோறும் என் பாடசாலை மாணவரைக் கண்டி நூதனசாலைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். தலதா மாளிகையை அடுத்த பழைய அரண்மனைக் கட்டிடமொன்றில் அந்த நூதனசாலை அமைந்திருக்கிறது. சென்ற முறை நாங்கள் அங்கிருந்து வெளியேறும் வேளையில் மாணவனொருவன் மெல்ல என்னருகே வந்து, "ஐயா, எங்கள் வீட்டுப் பரணிலே பழைய துவக்கொன்று கிடக்கிறது. நாளை கொண்டுவந்து காட்டட்டுமா?" என்று கேட்டான். கொண்டுவர வேண்டாமென்று உடனே தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்பதை அவனுக்குச் சொன்னேன். அதனையே சற்று விரித்து இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். சிங்கள மக்கள் துவக்குவ என்பர். இச்சொற்கள் துருக்கிய மொழியிலிருந்து வந்தவை என்பது அறிஞர் கருத்து. சொல் எங்கிருந்து வந்ததாயினும், கருவியைச் செய்யும் கலையைக் கண்டி இராச்சியத்துக் கொல்லர் வெகு விரைவிலே தமதாக்கிக்கொண்டனர். 1638ஆம் ஆண்டு மார்ச் மாதம், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிலே இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்தபோது, வாளும் வில்லும் மட்டுமல்ல, துவக்குகளும் அங்கே முழங்கின. துவக்கு வீரருக்கெனத் தனிப் பிரிவும், கொடித்துவக்கு எனப்பட்ட சிறு பீரங்கிகளுக்கெனத் தனிப் பிரிவும் கண்டி அரசிலே இருந்தன. முன்புறம் இரு கால்களை ஊன்றி நிற்கும் அக்கொடித்துவக்கை ஆங்கிலேயர் வெட்டுக்கிளி என்று அழைத்தனர். கொடித்துவக்கு என்னும் குடும்பப் பெயர் சிங்கள மக்களிடையே இன்றும் வழங்குகிறது.

வெடிமருந்துக்கு வேண்டிய உப்பும் இம்மலைகளிலேயே கிடைத்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள குகையொன்றில் வௌவால் எச்சம் கலந்த மண்ணை எடுத்து, சாம்பலோடு சேர்த்து நீரிற் கரைத்து, வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். ஜோன் டேவி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1821இல் வெளிவந்த தமது நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார்.

இக்கலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் லெவ்கே திசாவையின் பீரங்கியைக் காண வேண்டும். வெண்கலத்தாற் செய்து, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி அது. மதுரை நாயக்கர் வழிவந்த சிறீ விஜய இராசசிங்கனின் காலத்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது கொண்டுசென்ற அப்பொருள் நெதர்லாந்து நாட்டு நூதனசாலையில் இருந்தது. 258 ஆண்டுகளின் பின், 2023 திசெம்பரிலே, இரு பெருந்துவக்குகள், இரு வாள்கள், ஒரு கத்தி ஆகியவற்றோடு கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு அது மீண்டு வந்தது. எவ்வாறு மீண்டது? அது எங்கே செய்யப்பட்டது, யாருடையது, எக்காலத்தில் எவர் கைக்கு மாறியது என்பனவற்றை ஆவணங்களின் துணைகொண்டு அறிஞர் ஆராய்ந்து நிறுவியதனால் மீண்டது.

இனி, என் வீட்டுக் கதையொன்றைச் சொல்கிறேன். என் பாட்டனார் கண்டிக்கு அப்பால் தேயிலைத் தோட்டமொன்றிலே காவற்காரராயிருந்தார். அயற் கிராமத்துச் சிங்கள நண்பரொருவர் கொடுத்த, வாய்வழி மருந்திடும் நீண்ட துவக்கொன்று அவரிடம் இருந்தது. தம் பெயரில் அதற்கு அனுமதிப்பத்திரம் பெற்று, ஆண்டுதோறும் கச்சேரிக்குச் சென்று அவர் புதுப்பித்து வந்தார். அவர் காலமான பின்னர் பத்திரமும் காலாவதியாயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை. பின்பு 1983ஆம் ஆண்டின் கலவரம் வந்தது. தமிழர் வீட்டிலே அனுமதியற்ற துவக்கு இருப்பதென்றால் என்னவாகுமென்று எண்ணி என் தந்தையார் உறக்கம் இழந்தார். ஓரிரவு அதைச் சாக்கிலே சுற்றி எடுத்துச் சென்று மகாவலி கங்கையில் எறிந்துவிட்டு வந்தார். அவரை நான் குறை கூறமாட்டேன். அன்று நானாயிருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

சிறுவனாகிய என் நினைவில் அத்துவக்கின் ஓர் அடையாளம் மட்டும் நின்றது. அதன் விசைப்பொறி இடப்பக்கத்தில் இருந்தது. அடிக்கட்டையின் நுனி இரண்டாகப் பிளந்து சுருண்டிருந்தது. ஐரோப்பியத் துவக்குகளிலே பொறி வலப்பக்கத்தில் இருப்பதே வழக்கமென்பதும், இடப்பக்கப் பொறியும் பிளந்த கட்டையும் இலங்கைக் கொல்லரின் கைவண்ணத்துக்கு அடையாளம் என்பதும் பல்லாண்டுகள் கழித்து நூல்களைப் படித்தபோதுதான் எனக்குத் தெரியவந்தன. அது மன்னர் காலத்ததா, பிற்காலத்ததா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. பத்திரத்தை உரிய காலத்திலே மாற்றியிருந்தால், அல்லது அதை நூதனசாலையிடம் ஒப்படைத்திருந்தால், அது இன்றும் இருந்திருக்கும்.

ஆகவே, சட்டத்தைப் பகையாகக் கருதாமல், பழம்பொருளுக்குக் காவலாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். சுடுகலன்களை வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரத்தை வேண்டுகிறது. 1996இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. பத்திரம் மனிதருக்கு வழங்கப்படுவது. நிலம் வீடு போலப் பிள்ளைகளுக்குத் தானாக இறங்குவதன்று. அடுத்தது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம். தொல்பொருளுக்கு அச்சட்டம் வகுத்த கால எல்லை 1815 மார்ச் 2ஆம் நாள், அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி இராச்சியம் முடிவுற்ற அதே நாள். நிலத்தில் அகப்பட்ட தொல்பொருள், நிலம் தம்முடையது என்ற காரணத்தால் மட்டும் எவருக்கும் சொந்தமாகிவிடாது. இத்தகைய பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதை 1988ஆம் ஆண்டின் கலாசார ஆதனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

சிலர் பிறநாட்டு நூல்களைப் படித்துவிட்டு, "பழையது தானே, சட்டம் தீண்டாது" என்பர். அமெரிக்காவிலே 1898 வரையில் செய்யப்பட்ட துவக்குகளுக்குச் சலுகை உண்டு. பிரித்தானியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் தொன்மையான சுடுகலன்களுக்கு விலக்களிக்கிறது. பழுதுபார்த்தும் சுட இயலாத பழம் படைக்கலங்களுக்கு இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இவை அவ்வந்நாட்டு விதிகள். கண்டியிலே அவற்றைக் காட்டி எவரும் தப்ப முடியாது. நீண்ட போரைக் கண்ட நாடு இது. காட்டுப் பாதைகளிலே பொறியாக வைக்கப்படும் கட்டுத்துவக்கு மனிதரையும் விலங்கையும் இன்றும் பலிகொள்கிறது. சட்டத்தின் கடுமைக்குக் காரணம் உண்டு.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? பரணிலே துவக்கைக் கண்டால் முதலில் அதைத் தொடாதீர்கள். குழலினுள்ளே மருந்து இருக்கக்கூடும். ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கழிந்தும் வெடிக்கும். துருவைச் சுரண்டவோ மினுக்கவோ வேண்டாம். எழுத்தும் வேலைப்பாடும் அழிந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கவும் வேண்டாம். கிராம அலுவலரிடமும் பொலிஸ் நிலையத்திலும் முன்கூட்டித் தெரிவியுங்கள். தொல்பொருட் டிணைக்களத்துக்கு எழுத்திலே அறிவித்து, அறிவித்ததற்குச் சான்றும் பெற்றுக்கொள்ளுங்கள். யார் கொடுத்தது, எப்போது, எதற்காக என்று வீட்டுப் பெரியோர் சொல்வதை ஒரு தாளிலே எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். அந்தத் தாள் இல்லாத துவக்கு வெறும் இரும்பாகிவிடும்.

பழம் படைக்கலங்களில் நாட்டமுடைய இளைஞருக்கு ஒரு வார்த்தை. துவக்கைச் சேர்க்க முடியாதவர் துவக்கின் வரலாற்றைச் சேர்க்கலாம். பழைய அனுமதிப்பத்திரங்கள், புகைப்படங்கள், கொல்லர் குடும்பங்களின் வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அம்மாணவன் அன்று வீட்டுக்குச் சென்று தன் தந்தையாரிடம் கூறினான். மறுநாள் அவர் என்னிடம் வந்தார். முகத்திலே அச்சம் தெரிந்தது. இருவருமாக அமர்ந்து கடிதத்தை எழுதினோம். பொலிஸார் முறைப்படி அதைப் பொறுப்பேற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுத்தனர். அதன் பொறி இடப்பக்கத்தில் இருந்ததா என்று கேட்கிறீர்களா? வலப்பக்கத்தில்தான் இருந்தது. இருந்தாலென்ன? அதன் கதை எழுதப்பட்டது. அது மகாவலிக்குப் போகவில்லை.